மணல் செல்லும் வழி: ஒலுவில் துறைமுகமும் கல்முனைக் கரையின் எதிர்காலமும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கித் தெற்கே செல்லும் பெருந்தெருவில், சாய்ந்தமருதையும் காரைதீவையும் நிந்தவூரையும் கடந்து, களியோடைப் பாலத்தையும் தாண்டிய பின் கடற்புறமாகத் திரும்புகின்ற ஒருவருக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு அப்பால், உயர்ந்ததொரு வெளிச்சவீடும், கருங்கற்பாறைகளை அடுக்கிக் கடலுக்குள் நீட்டிய இரண்டு அலைதடுப்புகளும், அவற்றின் நடுவே அலையடங்கிக் கிடக்கும் ஒரு நீர்ப்பரப்பும் காட்சி தரும். இதுவே ஒலுவில் துறைமுகம். டென்மார்க் நாட்டின் வட்டியில்லாக் கடனாகப் பெற்ற சுமார் 4 கோடியே 60 லட்சம் யூரோவைக் கொண்டு, 2008 ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கி நிர்மாணிக்கப்பட்டு, 2013 செப்டம்பர் முதலாந் திகதி அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவினால் திறந்துவைக்கப்பட்ட இத்துறை, எந்த வாணிபத்தைக் கருதிக் கட்டப்பட்டதோ அந்த வாணிபத்துக்குப் பயன்படவே இல்லை. மீன்பிடிப் படகுகள் சில ஆண்டுகள் வந்து தங்கின. பிறகு துறையின் வாயிலை மணல் அடைத்துக்கொண்டமையால் அவையும் வரமுடியாமற் போயின.

தொழில் நடந்து ஓய்ந்துபோன நீர்க்கரைகளை நகர மாந்தரின் வாழ்வுக்கு மீண்டும் உரியனவாக்கும் முயற்சி இன்று உலகின் பல துறைமுகப் பட்டினங்களில் நடைபெற்று வருகிறது. ஹம்பேர்க்கிலும் லண்டனிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த துறைகள் முதுமையடைந்து ஓய்ந்தன. ஒலுவிலோ தன் உழைப்பைத் தொடங்குமுன்னரே ஓய்ந்துவிட்டது. ஆயினும் இரண்டிடத்தும் எழுகின்ற வினா ஒன்றுதான்: பெரும் பொருட்செலவில் மாற்றியமைக்கப்பட்டு, பின்னர் வெறுமையாய்க் கிடக்கின்ற ஒரு கரையை, அதனை அண்டிவாழும் மக்களுக்கும், அவர்களுக்குப் பின் வரப்போகின்றவர்களுக்கும் தீங்கு நேராதவாறு எங்ஙனம் மீட்டெடுப்பது? கல்முனைக் கரையைப் பொறுத்தவரை, இவ்வினாவுக்கு விடை தேடுவோர் கட்டடங்களின் வரைபடத்தை விரிக்குமுன்னர் மணலின் கணக்கை விரிக்கவேண்டும் என்பதும், மணலின் போக்கைச் சீர்செய்வதே முதற்கடமை, அதன்பின் படகு, படகின் பின்னரே நிலமும் மனையும் என்பதும் என் துணிபு.

துறைமுகம் வேண்டும் என்ற ஆசை வீணாசையன்று. அம்பாறைக் கரையோரத்தின் நெல்லும் மீனும் தலைநகரின் சந்தையை அடைவதற்கு லொறிப் பாதையையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. யுத்த காலத்தில் அப்பாதையும் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று எவரும் அறியார். 1994 இல் கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சராய் அமர்ந்த எம்.எச்.எம். அஷ்ரப், சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர். தென்கிழக்கு மக்களுக்கு ஒரு பல்கலைக்கழகமும் ஒரு துறைமுகமும் வாய்க்குமாயின் கொழும்பை அண்ணாந்து பார்த்திருக்கும் நிலை ஒழியும் என்று கருதியவர். பல்கலைக்கழகம் 1995 இல் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டிலேயே பூரண பல்கலைக்கழகமாயிற்று. 2000 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 ஆந் திகதி ஹெலிகொப்டர் விபத்தொன்றில் அஷ்ரப் மரணமடைந்தபோது, துறைமுகத்தின் நிர்மாணம் தொடங்கியிருக்கவில்லை. அவருடைய மறைவுக்குப் பின் அக்கனவு ஒரு நினைவுச் சின்னத்தின் பெருமையைப் பெற்றுவிட்டது. பெருமை பெற்ற ஒன்றைக் குறித்து, கடல் இதற்கு இசையுமா என்று கேட்பது எவருக்கும் எளிதாயிருந்திராது.

கடல் இசையாமைக்குக் காரணம் அதன் சீற்றமன்று, அதன் ஒழுங்கே. கரைமணல் ஓரிடத்தில் நிலைத்துக் கிடப்பதாய்த் தோன்றினும், உண்மையில் அது ஓயாது பிரயாணம் செய்துகொண்டிருப்பது. அலை கரையைச் சாய்வாக வந்து மோதும்போது மணலையும் சாய்வாகவே மேலேற்றி, திரும்பும்போது நேராகக் கீழிறக்குகிறது; ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல்மணி சிறிது தூரம் கரையோடு நகர்ந்துவிடுகிறது. மாரிகாலத்தில் வடகிழக்கிலிருந்து எழும் அலைகள் மணலைத் தெற்கே தள்ளுகின்றன. சோழகக் காலத்தில் இந்துமகா சமுத்திரத்தின் தென்பகுதியிலிருந்து வரும் நெடிய அலைகள் அதனை வடக்கே தள்ளுகின்றன. ஆண்டு முடிவில் வரவையும் செலவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வடக்கு நோக்கிய செலவே மிகுந்து நிற்கும். அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை என்று வடக்கே செல்லும் இவ்வூர்களின் கரைகளெல்லாம் ஒரே மணல் ஒழுக்கினால் ஊட்டப்படுவன. முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று நிலத்தில் நாம் வகுத்த எல்லைகளை அவ்வொழுக்கு அறியாது.

அந்த ஒழுக்கின் குறுக்கே இரண்டு அலைதடுப்புகள் எழுந்தபோது, தெற்கிலிருந்து வந்த மணல் தடுப்பின் தென்புறத்திலும் துறையின் வாயிலிலும் தங்கிவிட்டது. வடக்கே சென்ற அலைகளோ, தமக்குரிய மணலைக் கொண்டுவரவில்லையெனினும், கொண்டுபோகும் தொழிலை நிறுத்தவில்லை. ஒலுவிலின் வடகரையும் நிந்தவூர்க் கரையும் அரிக்கப்பட்டன. தென்னந்தோப்புகளின் முன்வரிசை மரங்கள் வேர் பறிந்து விழுந்தன; மீன்வாடிகள் பின்னுக்குப் பின்னாக நகர்த்தப்பட்டன; வெளிச்சவீட்டைச் சூழ்ந்த நிலத்தையே கடல் அணுகிற்று. இதற்கு மேலாக, கரைக்கு மணலை ஊட்டிவந்த ஆறுகளின் கொடையும் முன்னரே குறைந்திருந்தது என்பதை மறத்தலாகாது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ் இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்து சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. வயல்களுக்கு அது தந்த வாழ்வு பெரிது; ஆனால் வெள்ளத்தோடு கடலை நாடிவந்த மணலின் ஒரு பகுதி அன்றுமுதல் தேக்கத்தின் அடியிலே தங்கிவிட்டது. எஞ்சியதிலும் கட்டட வேலைக்காக ஆற்றுப்படுகையில் அள்ளப்படுவது எவ்வளவு என்பதை அவ்வழியே போகும் லொறிகள் சொல்லும். வரவு குறைந்துபோன ஒரு குடும்பத்தின் வாசலில், வழிப்பணத்தையும் மறித்துக்கொள்ளும் ஒரு சுங்கச்சாவடியை நிறுத்தினாற்போல ஆயிற்று, அலைதடுப்பின் வருகை.

இவை எவரும் முன்னர் கண்டிராத அதிசயங்கள் அல்ல என்பதுதான் வருத்தத்துக்குரியது. இதே வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில், இதே வடக்கு நோக்கிய மணல் ஒழுக்கின் மத்தியில், சென்னைத் துறைமுகத்தின் வேலை 1876 இல் தொடங்கியது. கிழக்கு முகமாக வைக்கப்பட்ட அதன் வாயிலை மணல் நெருக்கியதனால், 1904 இல் பொறுப்பேற்ற சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் அவ்வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறக்கவேண்டியதாயிற்று. துறைக்குத் தெற்கே தங்கிய மணலே மெரினாவை இன்றுள்ள அகலத்துக்கு வளர்த்தது. மாலை வேளையில் அங்கே காற்று வாங்குவோர், அம்மணலில் ஒரு பங்கு வடக்கே இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் சேரவேண்டியதாயிருந்தது என்று எண்ணுவதில்லை. அவ்விரு ஊர்களின் மீனவர் குப்பங்கள் ஒரு நூற்றாண்டாக வீதிவீதியாய்க் கடலுக்குள் போயின. புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் துறைமுக அலைதடுப்புகள் அமைந்த பின்னர், நகரத்தின் முகப்பிலே விரிந்திருந்த மணற்கரை மறைந்து, ஒரு தலைமுறைக் குழந்தைகள் கடற்கரை என்றால் கருங்கற் குவியல் என்றே அறிந்து வளர்ந்தனர். ஒலுவிலில் கல் இறக்கப்படுமுன் இவ்விரண்டு கதைகளையும் படித்திருக்க இயலும். தமிழிலேயே கேட்டறிந்திருக்கவும் இயலும்.

அரிப்பைத் தடுக்கவென்று இடப்பட்ட கற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அரிக்கப்படும் இடத்தில் பாறையைக் கொட்டுவது அதிகாரிகளுக்கு எளிது, அரசியல்வாதிகளுக்குக் காட்சிக்குரியது, வீட்டை இழக்கும் தறுவாயில் நிற்பவனுக்கு உடனடி ஆறுதல். ஆனால் பாறை மணலை உண்டாக்குவதில்லை. அது தன் முதுகுப்புறத்து நிலத்தைக் காத்து, தன் வடமுனைக்கு அப்பாலுள்ள நிலத்துக்கு அரிப்பைத் தள்ளிவிடுகிறது. அங்கே மீண்டும் பாறை, அதற்கப்பால் மீண்டும் அரிப்பு. இவ்வாறு ஓர் ஊரின் துன்பம் அடுத்த ஊருக்குக் கைமாறுகிறது. அரிப்பு எனும் சொல் இன்று ஒலுவிலோடும் நிந்தவூரோடும் நின்றுவிடவில்லை. மாளிகைக்காட்டில் மையவாடியின் மதிலையே கடல் இடித்தபோது, உயிரோடிருப்பவர்களின் மனையைப் போலவே மறைந்தவர்களின் இடமும் பாதுகாப்பற்றது என்ற உணர்வு இக்கரை முழுவதையும் பற்றிக்கொண்டது.

பாறைகளால் அழிவது எது என்பதை அறிய, கரைவலை இழுப்பதை ஒருமுறை நின்று பார்த்தல் வேண்டும். விடியற்போதில் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஒரு கூட்டத்தாரிடம் கொடுத்துவிட்டு, வலையை ஏற்றிய தோணி கடலுக்குள் செல்கிறது. சென்று, அரைவட்டமாய் வலையை இறக்கிக்கொண்டே வளைந்து, சில நூறு மீற்றர் தள்ளி மறுமுனையோடு கரை சேர்கிறது. அங்கே இன்னொரு கூட்டம். இரு கூட்டத்தாரும் இடுப்பிலும் தோளிலும் கயிற்றைக் கொடுத்து, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்து, கயிற்றின் கடைசியை அடைந்தவன் அதனை விட்டுவிட்டு ஓடிவந்து நீர்விளிம்பில் மீண்டும் பற்றிக்கொள்ள, இழுக்க இழுக்க ஒருவரையொருவர் நோக்கி மெல்ல நகர்ந்து வருகின்றனர். அம்பாப் பாட்டின் தாளம் தளரும்போது இழுப்பும் தளரும். ஆதலால் பாடுகின்றவன் மூச்சு வாங்குவதற்குள் மற்றவர்கள் அடியை எடுத்துக்கொள்வர். மடி கரையேறியதும் நெத்தலியும் கீரியும் சூடையும், அதிர்ஷ்டம் உண்டாயின் பாரையும் மணலில் கொட்டப்பட்டு, அங்கேயே விலை பேசப்பட்டு, வலையின் சொந்தக்காரருக்கும் இழுத்தவர்களுக்குமாகப் பங்காகிவிடும். கயிறு பிடித்தவர்களில் பள்ளிக்கூடம் விட்ட இளைஞரும் முதியவரும் இருப்பர். வேறு கூலி கிடையாத நாளில் கறிக்கு ஒரு கோர்வை மீனேனும் கிடைக்கும் என்று வந்து கை கொடுத்தவரும் இருப்பர்.

இத்தொழிலுக்கு வேண்டிய மூலதனங்களுள் தலையாயது, கல்லில்லாத நீண்ட மணற்கரை. அரைவட்டத்தின் இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு கற்குவியல் இருந்தாற்கூட வலை கிழியும். இழுப்போர் நகர்ந்து வர வழியுமிராது. ஆகையால், கரையைக் காக்கக் கொட்டிய கல் கரைவலைக்காரனை அவனுடைய கரையிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. அரசாங்கக் கணக்கில் இது காக்கப்பட்ட கரை என்று பதிவாகும். அங்கே தொழில் செய்தவனுக்கோ அது இழந்த கரை. நிலைத்த அபிவிருத்தி என்ற சொல்லுக்கு இந்தப் பிரதேசத்தில் ஏதேனும் பொருளுண்டெனில், இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றாய் இருப்பதே அப்பொருள் என்று நான் கொள்கிறேன்.

துறைமுகத்தின் விஷயத்தில் இக்கரையின் மக்கள் இரு தரப்பாய்ப் பிரிந்து நின்றமையை நோக்குவார், அதனை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் ஆழ்கடற் படகுக்காரர், வாயிலிலுள்ள மணலை அகழ்ந்து துறையைத் திறக்கவேண்டும் என்றனர். பல லட்சம் ரூபாய் பெறுமதியான படகைத் திறந்த கடலில் நங்கூரமிட்டுவிட்டு மாரிக்காற்றின் இரவில் உறங்க எவராலும் முடியாது. சொந்த மாவட்டத்தில் ஒதுங்க இடமின்றி, வாழைச்சேனை போன்ற தூரத்துத் துறைகளைத் தேடிப் போவோருக்கு எரிபொருளும் நாளும் வீண். ஒலுவில் மக்களோ, கரையை மீட்டுத் தராமல் துறையைத் திறக்கவேண்டாம் என்றனர். துறைமுகத்துக்கென எடுக்கப்பட்ட காணிகளின் இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களுக்கு, எஞ்சிய காணியையும் கடல் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை எங்கிருந்து வரும்? இருவரும் கேட்பது ஒரே மணலைப் பற்றியது. வாயிலில் மிகுந்து கிடப்பதும் வடகரையில் குறைந்து போனதும் ஒன்றே. மிகுந்த இடத்திலிருந்து எடுத்துக் குறைந்த இடத்தில் சேர்த்துவிட்டால் இரு தரப்பாரின் வழக்கும் ஒரே வேலையால் தீரும்.

இது கற்பனையன்று. விசாகப்பட்டினத்தில் 1933 இல் துறைமுகம் திறக்கப்பட்டபோது, இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்து அலைதடுப்பாக்கி, அதன் மறைவில் ஒரு மணற்கிடங்கை அமைத்தனர். அங்கே தங்கும் மணலை அகழ்ந்து வடக்கேயுள்ள நகரக் கடற்கரைக்கு அனுப்பும் வழக்கம் அத்துறையின் நித்திய கடமைகளுள் ஒன்றாயிற்று. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில், ஆற்றுமுகத்தில் அலைதடுப்புகளைக் கட்டியவர்கள், 1986 முதல் நிலையான பம்புகளைக் கொண்டு தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியே வடக்கே தள்ளிவருகின்றனர். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீற்றர் மணல் இவ்வாறு தடையைத் தாண்டித் தன் பிரயாணத்தைத் தொடர்கிறது. புதுச்சேரியில் 2018 இல், கடலடியில் முக்கோண வடிவான உருக்குத் தடுப்பொன்றை இந்தியத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வல்லுநர்கள் அமைத்து, மணலும் ஊட்டியபின், தலைமைச் செயலகத்தின் முன்னே மணற்கரை திரும்பிற்று. ஒலுவிலின் மணல் அளவு கோல்ட் கோஸ்ட்டின் அளவாயிராது. இயந்திரமும் அத்தனை பெரிதாய் வேண்டியிராது. வேண்டுவது, அகழ்வு என்பது வாயில் அடைபடும்போது செய்யும் அவசர வேலை என்ற எண்ணத்தை விட்டு, துறை இருக்கும் வரையில் ஆண்டுதோறும் செய்யவேண்டிய பராமரிப்பு என்று அதனை வரவுசெலவில் எழுதிக்கொள்வது. கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடைப்பட்ட மாதங்களில் இவ்வேலை முடிந்துவிட்டால், மாரியின் முதல் அலை வரும்போது வடகரைக்கு எதிர்த்து நிற்க ஒரு மார்பு இருக்கும்.

இங்கே ஓர் அபாயத்தை எடுத்துரைத்தல் அவசியம். அகழ்ந்த மணலுக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. அதனை விற்று அகழ்வுச் செலவை ஈடுசெய்யலாம் என்ற யோசனை சிக்கனம்போல் தோன்றும். அவ்வாறு விற்கப்படும் ஒவ்வொரு லொறி மணலும் நிந்தவூரின் கரையிலிருந்து எடுத்து விற்கப்படுவதே ஆகும். இந்த மணல் எந்தத் திணைக்களத்தின் சொத்துமன்று. அது வடக்கேயுள்ள ஊர்களின் முதுசொம். அதனை வெளியே கொண்டுபோகலாகாது என்ற விதி எல்லாத் திட்டங்களுக்கும் முந்தியதாய் எழுதப்படவேண்டும்.

மணலுக்கு அடுத்தது படகு. ஒலுவிலின் நீர்ப்பரப்பு பாரிய வாணிபக் கப்பல்களுக்கு என்றேனும் பயன்படலாம் என்று காத்திருப்பதைவிட, அதனை ஒரு நல்ல மீன்பிடித் துறையாய் ஒப்புக்கொள்வதே நேர்மை. ஐஸ் தொழிற்சாலை, எரிபொருள் நிலையம், ஏல மண்டபம், வலை திருத்தும் கொட்டகை, படகு கரையேற்றிப் பழுதுபார்க்கும் சரிவு, கருவாடு உலர்த்தும் பெண்களுக்குச் சுத்தமான மேடையும் நன்னீரும் ஆகிய இவை யாவும் சிறிய விஷயங்களாய்த் தோன்றும்; ஆனால் பிடித்த மீனில் எவ்வளவு கெடாமல் சந்தையை அடைகிறது என்பதை இவையே நிர்ணயிக்கின்றன. மீன் கழிவும் எண்ணெய்க் கசிவும் அடைபட்ட நீரிலேயே தங்கி நாறாதிருக்க, கழிவுநீருக்குத் தனி வழியும் சுத்திகரிப்பும் முதல்நாளே அமையவேண்டும்.

நிலத்தைப் பற்றிய பேச்சுக்கு இப்பொழுதுதான் இடம் உண்டு. ஹம்பேர்க் நகரத்தார் 157 ஹெக்டேயர் பரப்புள்ள பழைய துறைப்பகுதியை 2000 ஆம் ஆண்டின் திட்டப்படி மீள நிர்மாணிக்கத் தொடங்கியபோது இரண்டு காரியங்களைச் செய்தனர். வெள்ளம் வரும் என்று ஒப்புக்கொண்டு, கட்டடங்களின் அடித்தளத்தைக் கடல்மட்டத்துக்கு 8 அல்லது 9 மீற்றர் மேலாக உயர்த்தினர். நிலத்தின் மீதான அதிகாரத்தை நகரத்தின் கையிலேயே வைத்துக்கொண்டு, எவருக்கு, எந்த நோக்கத்துக்கு, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதைத் துண்டு துண்டாய்த் தீர்மானித்தனர். மும்பாயின் பஞ்சாலைக் காணிகளின் கதை இதற்கு மாறானது. 1982 ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஓய்ந்த ஆலைகளின் நிலத்தில், மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கும், ஒரு பங்கு எளியோர் வீட்டுக்கும், எஞ்சிய பங்கு சொந்தக்காரருக்கும் என்ற கருத்தில் 1991 இல் விதி செய்தார்கள். 2001 இல் அதனைத் திருத்தி, கட்டடமற்ற வெற்று நிலத்துக்கு மட்டுமே பங்கீடு என்று சுருக்கினார்கள். 2006 இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. ஆலைத் தொழிலாளியின் பேட்டையில் இன்று எழுந்து நிற்பவை மாளிகைகளும் அங்காடிகளும். ஒலுவிலின் துறைக்காணி இன்று அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. அது ஒரு பாக்கியம். உல்லாச விடுதி என்றோ, முதலீட்டு வலயம் என்றோ வரும் முதல் வேண்டுகோளுக்கு அதனை இழந்துவிட்டால், இந்தப் பாக்கியம் இரண்டாம் முறை வாய்க்காது.

இக்கரையில் நிலத்தின் அருமையை, கல்முனையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மேற்கே வயல், கிழக்கே கடல், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்மேட்டில் சுமார் 1 லட்சம் மக்கள். மருதமுனையின் கைத்தறிச் சத்தமும் கல்முனைச் சந்தையின் இரைச்சலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளுமளவு வீடுகள் நெருங்கியவை. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டமைக்கு இந்நெருக்கமும் ஒரு காரணம். பின்னர் கரையிலிருந்து 65 மீற்றருக்குள் வீடு கூடாதென்ற விதி வந்தது. அவ்விதியால் இடம்பெயர்ந்தோருக்கு அமைந்த மருதமுனை வீட்டுத்திட்டத்தை ஊரார் இன்றும் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்றே வழங்குகின்றனர். பின்வாங்கியோருக்கு இடம் வேண்டி, கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் மேற்கேயுள்ள கரைவாகு வயல்வெளியில் மண்ணிட்டு நிரப்பிக் குடியிருப்புகளை எழுப்பினர். தேவை உண்மையானது, ஆயின் மாரிவெள்ளம் தேங்கி நின்று மெல்ல வடியும் இடமும் அந்த வயலே. கடலிலிருந்து தப்பியவர்களை வெள்ளத்தின் மடியில் இருத்தியதாயிற்று.

வெள்ளம் கடலுக்கு ஓடும் வழிகளுள் ஒன்றாகிய சாய்ந்தமருதுத் தோணா, குப்பையாலும் ஆற்றுவாழையாலும் அடைபட்டு, நாற்றத்தினால் மட்டுமே நினைவுகூரப்படும் நிலைக்கு வந்து, பன்முறை புனரமைப்புக்கு ஆளாகியது. தோணாவைத் துப்புரவாக்கி, இரு கரையிலும் நடைபாதையும் நிழல்மரமும் வைப்பது நல்லதே. ஆனால் அதன் முகத்துவாரம் மாரியில் திறந்து கோடையில் மணலால் மூடும் இயல்பையும், அதன் தலைப்புறத்து வயல்களையும் சேர்த்து நோக்காத புனரமைப்பு, அடுத்த மாரி வரையில்தான் அழகாயிருக்கும். கரையின் மறுநிர்மாணம் என்று நாம் சொல்வது ஒலுவிலின் கற்றடுப்பில் தொடங்கி, தோணாவின் வழியாக, கரைவாகு வயல் வரையில் நீள்கின்ற ஒரே காரியம்.

கட்டிவிட்டால் மக்கள் வந்து குடியேறுவர் என்ற நம்பிக்கைக்கும் இம்மாவட்டத்திலேயே மறுப்பு உண்டு. ஆழிப்பேரலையால் வீடிழந்தோருக்கென்று சவூதி அரேபியாவின் உதவியால் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல் ஆகியவற்றோடு கட்டப்பட்டன. எவருக்கு எவ்விகிதத்தில் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, வீடுகள் நெடுங்காலம் ஆளின்றிக் காடு பற்றிக் கிடந்தன. சுவர் எழுமுன் சமூகங்களுக்கிடையே பேசி முடித்திருக்கவேண்டியதை, சுவர் எழுந்தபின் நீதிமன்றத்தில் பேசவேண்டியதாயிற்று. ஒலுவிலிலும் பேசவேண்டியவர்கள் பலர்: ஒலுவில், நிந்தவூர் முஸ்லிம்கள், காரைதீவு, பாண்டிருப்புத் தமிழர்கள், நெல்வயலுக்கு நீர் பெறும் சிங்களக் குடியேற்றத்தார் ஆகிய யாவரும் பட்டிப்பளை ஆற்றுக்கும் அதன் மணலுக்கும் உறவினர்.

அதிகாரமோ பல கூறாய்க் கிடக்கிறது. அலைதடுப்பைக் கட்டியது துறைமுக அதிகாரசபை. மீன்பிடித் துறைகளுக்கு வேறொரு கூட்டுத்தாபனம். கரையிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலத்துக்கு 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி கரையோரம் பேணல் திணைக்களம். ஆற்றுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம். காணிக்குப் பிரதேச செயலகம். குப்பைக்குப் பிரதேச சபையும் மாநகர சபையும். மணல் இவர்கள் ஒவ்வொருவருடைய வாசலையும் கடந்து செல்கிறது. எவருடைய பேரேட்டிலும் அது முழுமையாய்ப் பதிவாவதில்லை. புதியதோர் அதிகாரசபையை உண்டாக்குவதால் இக்குறை தீரும் என்று நான் எண்ணவில்லை. லண்டனில் 1981 முதல் 1998 வரை துறைப்பகுதியை ஆண்ட தனிக் கூட்டுத்தாபனம் கட்டடங்களை விரைவாய் எழுப்பிற்று. ஆனால் அங்கே வாழ்ந்திருந்த துறைத் தொழிலாளரின் குரல் அதன் மன்றத்தில் மெலிதாகவே கேட்டது.

இதைவிட எளிய தொடக்கம் ஒன்று உண்டு. துறையைப் பார்த்தவாறே நிற்கிறது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் மாணவர்கள் பாலமுனையிலிருந்து பெரியநீலாவணை வரையில் குறித்த இடங்களில் மாதந்தோறும் கரையின் அகலத்தை அளந்து, ஒரே முறையில் பதிந்துவரலாம். கரைவலைக்காரர் தம் கண்ணளவையால் அதனைச் சரிபார்க்கலாம். அந்த அளவைக் கொண்டு ஆண்டுதோறும் இரண்டே இரண்டு எண்கள் வெளியிடப்படட்டும்: தென்புறத்திலும் வாயிலிலும் அகழ்ந்தெடுத்தது எத்தனை கன மீற்றர், வடகரையில் ஊட்டியது எத்தனை கன மீற்றர். பிரதேச செயலகத்தின் அறிவித்தற் பலகையிலும், மீனவர் சங்கங்களின் சுவரிலும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் எவரும் நின்று படிக்கத்தக்கதாய் அவ்விரண்டு எண்களும் எழுதப்படட்டும். அவை இரண்டும் ஒத்திராத ஆண்டில், துறைக்காணியில் ஒரு செங்கல்லுக்கும் அனுமதி வழங்கலாகாது என்று விதித்துவிட்டால், படகுக்காரனும் காணிக்காரனும் ஒரே பலகையின் முன்னே நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்கள். விடை சொல்லவேண்டிய அதிகாரி எவர் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.